நான்கு துண்டு டோஸ்ட்

"1972 செப்டம்பர் 11, திங்கள். காலை டோஸ்ட் நான்கு. தட்டு காலி." அப்பாவின் கறுப்பு அட்டை நோட்டில் இப்படி ஒரு வரி. அதற்குப் பின் இருபத்தாறு நாட்களுக்கு, தேதி மட்டும் மாறி, இதே வரி. அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். எதையும் அளந்து எழுதிவைப்பவர். தேதி போட்டு எழுதும் பழக்கம் அவரிடமிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. எழுதிவைத்தது உண்மையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும்கூட. அந்த நம்பிக்கை 2005 ஜூலையில், ஹைதராபாத் தார்நாகாவில், எங்கள் சாப்பாட்டு மேசையில் போயிற்று.

1999இல் மென்பொருள் வேலைக்காக இங்கே வந்தபோது எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது ரொட்டிதான். பொன்மலையில் பிரெட் பாக்கெட்டோடு தெருவில் நடந்தால் நாலு வீட்டிலிருந்தாவது "யாருக்கு உடம்புக்கு முடியல?" என்று கேட்பார்கள். பிரெட் என்றால் அது நோயாளிக்கு. இங்கே அதற்கு டபுள் ரொட்டி என்று பெயர். நல்ல உடம்போடு இருப்பவர்கள் தினமும் டீயில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். நான் பாக்கெட்டோடு மாடியேறினால் யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்த புதிதில் அப்படிக் கேட்காததே ஒரு மாதிரி தனிமையாக இருந்தது.

2005 மே கடைசியில் அப்பாவை எங்களோடு அழைத்துவந்தேன். எழுபது வயதில் பொன்மலையில் தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத் தூக்க வேண்டியதாயிற்று. இனி அவரைத் தனியே விட எனக்குத் தைரியமில்லை. அவரோ ஜூலை இருபதாம் தேதி ரயிலுக்குத் திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டுதான் வந்தார். வந்த மறுநாள் காலை, தட்டில் பிரெட்டைப் பார்த்ததும் கேட்டார்:

"யாருக்குடா உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்லப்பா. உங்க மருமகளும் நானும் ஆபீஸ் போறோம்ல, இங்க இதான் டிபன்."

"சரி. வந்த மறுநாளே என்னைய ஆஸ்பத்திரியில சேத்துட்ட."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாட்கள் போகப் போக அந்தச் சிரிப்பு குறைந்தது; காலண்டரைப் பார்ப்பது கூடியது. அவருக்குப் பழக்கமான ஏதாவது ஒன்று இந்த வீட்டில் இருந்தால் தங்கிவிடுவாரோ என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போய், இரண்டு பக்கமும் கதவு திறக்கும் டோஸ்டர் வேண்டுமென்று அரைகுறை இந்தியில், கைகளை விரித்துக் காட்டிக் கேட்டேன்.

"நயா நக்கோ? கைக்கு? ஷூட்டிங் கே வாஸ்தே?" என்றார் கடைக்காரர். புதியது வேண்டாமா, ஏன், சினிமாவில் வைக்கவா என்கிறார். அப்பாவுக்கு என்றேன். "பாப் கோ தோ நயா தேவ், மியான்!" என்றார். அப்பனுக்காவது புதிதாக வாங்கிக் கொடு என்று பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி சிரித்தார்.

நான் சிறுவனாக இருந்தபோது அப்படி ஒரு டோஸ்டர் எங்கள் பொன்மலை வீட்டில் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் அப்பா வாங்கியது. அம்மாவுக்குக் கல்லீரல் கெட்டிருந்தது. எண்ணெயும் காரமும் கூடாது, டோஸ்ட் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பணிமனைச் சங்கு ஊதுமுன் அப்பா தரையில் உட்கார்ந்து சுடுவார். தகரக் கதவைத் திறந்தால் துண்டு வழுக்கி இறங்கித் தானே புரண்டுகொள்ளும். வெந்த பக்கம் வெளியே தெரியும். கம்பிச் சுருளின் சிவப்பு வெளிச்சம், ஓரம் கருகும் வாசனை, சூட்டில் இளகும் சர்க்கரை. அப்பா வேலைக்குப் போனதும் தட்டு என் மடிக்கு வந்துவிடும். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, நான் கடிக்கும் சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பார். "வாயைத் தொடச்சுக்க. அப்பாட்ட சொல்லாத." என் ஏழு வயதின் மிகச் சந்தோஷமான காலைகள் அவை.

வாங்கிவந்த டோஸ்டரில் அப்பா சுட ஆரம்பித்தார். "தாத்தா, இதி தனந்தட தானே லேவதா?" என்று என் மகள் தெலுங்கில் கேட்டாள். தானாக எழும்பாதா என்கிறாள்.

"எழும்பாதும்மா. நாமதான் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் அப்பா. பல நாட்களுக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் சொல்லிவிட்டேன்: "அம்மா தட்டுல இருந்ததையும் நான்தாம்ப்பா தின்பேன். உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"எத்தன?"

"அநேகமா எல்லாம்."

துண்டு கருகியது. மகள்தான் பிளக்கைப் பிடுங்கினாள்.

"மத்தியானம் வந்து காலித் தட்டப் பாத்துட்டுத்தான்டா தைரியமா திரும்பிப் போவேன்" என்றார் அப்பா. "அவ நல்லா சாப்பிடுறான்னுதான் டாக்டர்கிட்ட சொன்னேன்."

1972 அக்டோபர் 8 அன்று அம்மா இறந்திருந்தார். சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டோஸ்ட் கருகிய அன்றிலிருந்து மூன்று நாள் அப்பா என்னோடு பேசவில்லை. பெட்டியில் வேட்டிகளை அடுக்கினார். ஜூலை பதினெட்டாம் தேதி மாலை, நான் ஷூவைக் கழற்றுமுன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவளா குடுத்தாளா, நீ கேட்டியா?"

"அம்மாவாத்தாம்ப்பா குடுத்தாங்க. நான் ஒருநாளும் கேட்டதில்ல."

"ஆமா. அவ அப்பிடித்தான் செய்வா" என்றார். மறுநாள் சிகந்தராபாத் நிலையத்துக்குப் போய் டிக்கெட்டை ரத்து செய்தோம்.

இது 2009. அப்பா இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். தொலைக்காட்சியில் திருச்சிக்கு மழை என்றால், தார்நாகாவில் நடக்கப் போகும்போது குடை எடுத்துக்கொள்கிறார். நான் அவரிடம் சொன்ன பதிலைப் பற்றி ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். அம்மாவாகக் கொடுத்தாரா, நான் கேட்டேனா என்பது எனக்கு நினைவில்லை. தெரிந்து சொல்ல வேறு ஆளும் இல்லை. இந்தத் தேதி வரை அது உறுதியாகவில்லை.