ககேதியிலிருந்து வந்த புட்டி

பயம் என் கூடவே பிறந்தது. பஸ் டிக்கெட்டை இறங்குவதற்குள் நாலு முறை தொட்டுப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவனை எண்பதுகளின் நடுவில் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் ஆய்வக வேலைக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கோடையில் எங்கள் கூழ் முதல் முறையாக ரஷ்யாவுக்குப் போகவிருந்தது. சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட அங்கிருந்து ஓர் அதிகாரி வந்தார். கூடவே சென்னையிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்.

"அவரு கையெழுத்துப் போடலைன்னா நீயும் வூட்டுக்குக் கெளம்பிடு" என்றார் முதலாளி. சிரிக்காமல்தான் சொன்னார்.

வந்தவர் ரஷ்யர் இல்லை, ஜார்ஜியாக்காரர். ககேதி என்ற பகுதியில் திராட்சைத் தோட்டக்காரரின் மகன். கூழை ஸ்பூனில் எடுத்துச் சப்பிக்கொண்டே ஊர்க்கதை சொன்னார். அங்கே வெள்ளைத் திராட்சையைத் தோலோடும் காம்போடும் மிதித்து, கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய பானைகளில் ஊற்றி மூடிவிடுவார்களாம். குளிர்காலம் கழிந்துதான் திறப்பார்களாம். கதை பிடித்துப்போய், வாய் சும்மா இராமல் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவரை அழைத்துவிட்டேன்.

வாசலிலேயே செய்தித்தாள் சுற்றிய ஒரு புட்டியை என் கையில் கொடுத்தார்.

"இவங்க அப்பா கையால செஞ்ச வெள்ளை ஒயின் சார். உங்க அப்பாவோட சேர்ந்து குடிக்கணுமாம். வேண்டாம்னா மனசு ஒடஞ்சு போயிடுவார்" என்று மொழிபெயர்ப்பாளர் காதில் சொன்னார்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். சந்தையில் புளி வியாபாரம். ஐந்து வேளைத் தொழுகையை விடாதவர். அப்போதுதான் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக்குள் மது வாடையே நுழைந்ததில்லை.

"அது என்னப்பா?"

"திராட்சை ஜூஸுங்கத்தா."

சொல்லிவிட்டேன். புட்டியை அடுப்படியில் ஒளித்துவிட்டால் பேச்சு மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் பிரியாணியை வைத்ததும் விருந்தாளி புட்டி எங்கே என்று கேட்டு வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கார்க் திருகியையும் எடுத்தார்.

வெள்ளை ஒயின் என்று பெயர்தான். கண்ணாடி டம்ளரில் விழுந்தது தேன் நிறத்தில் இருந்தது. புளிப்பும் காய்ந்த பழமுமாக ஒரு வாடை அறை முழுக்கப் பரவியது. மனிதர் எழுந்து நின்று டம்ளரை உயர்த்தி, அப்பாமார்களைப் பற்றிப் பேசினார், பேசினார், நிறுத்தவே இல்லை. எனக்கு அவர் பேசி முடிக்கவே கூடாது என்றிருந்தது. முடித்தார். அத்தாவும் மரியாதைக்கு எழுந்து தன் டம்ளரை வாயருகே கொண்டுபோனார்.

என் வேலை, முதலாளி முகம், ஏற்றுமதி டின்கள் எல்லாம் கண்முன் வந்தன. கை அதற்குள் பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டது.

"குடிக்காதீங்கத்தா! அது ஒயினு!"

விரிப்பெல்லாம் நனைந்தது. மொழிபெயர்ப்பாளர் எங்கள் மார்க்கத்தைப் பற்றி மெதுவாக எடுத்துச் சொன்னார். விருந்தாளி தன் டம்ளரைக் கீழே வைத்து, புட்டியைக் கார்க்கால் அடைத்தார். பிறகு தண்ணீர் டம்ளரை எடுத்து, அவ்வளவு பேச்சையும் முதலிலிருந்து பேசினார்.

"அவங்க ஊர்ல தண்ணிய வெச்சு வாழ்த்துறது ஆகாதாம் சார். உங்களுக்காகச் செய்யறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

திங்கட்கிழமை கையெழுத்து விழுந்தது. அதுவரை நான் சோறு தின்றதாக நினைவில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையே, ஜீப் கிளம்பிய பிறகு, நனைந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த அத்தாவிடம் போய் நின்றேன். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"மூடியத் தொறந்தப்பவே தெரியும்ப்பா" என்றார். "புளி எப்பப் புளிக்குது, எப்பப் பொங்குதுன்னு மோந்தே சொல்றவன் நானு. எனக்கா தெரியாது?"

"அப்புறம் ஏனுங்கத்தா டம்ளரத் தூக்குனீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். செத்த மூஞ்சியாட்டம் இருந்துச்சு. ஒரு வாய்தான, அல்லாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு நெனச்சேன்."

பச்சைத் தண்ணீர் குடித்தாலும் அல்லாவின் பெயரால் என்று பிஸ்மில்லா சொல்லாமல் குடிக்காதவர், அந்த டம்ளரைத் தூக்கும்போது மட்டும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.