சின்னச் சட்டியில் இருந்தது

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இன்று பள்ளிபாளையம் வீட்டுக்கு வந்து, கூடத்தில் மாலையிட்டு வைத்திருக்கும் அவர் படத்தை வணங்கி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். இதில் வரும் இந்தக் கட்டுரையை அக்காவின் மகன்தான் எழுதுவதாக இருந்தது. "சின்னம்மா, அம்மாவப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு ஆருக்குத் தெரியும், நீங்களே எழுதிருங்க" என்று என் தலையில் கட்டிவிட்டான். எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும். பந்திக்கு உட்காரும் முன் படித்துவிட்டால் நல்லது.

மலர் என்பதால் 'அவர்' என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன்.

அக்கா பிறந்தது மோகனூர்ப் பக்கம். காவிரித் தண்ணீரில் கரும்பும் வாழையும் வைத்திருந்த குடும்பம். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா காலமாகிவிட்டார். அப்பா விடியுமுன் தோட்டத்துக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அதனால் சின்ன வயதிலேயே அக்காவின் கைக்குக் கரண்டி வந்துவிட்டது. கொஞ்ச நாளில் அவருடைய பள்ளிக்கூடமும் நின்றது. ஆனால் என்னுடையதை நிற்க விடவில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டவர், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தவர், நான் பெரியவளானபோது பக்கத்தில் இருந்தவர் எல்லாம் அக்காதான். இந்த நன்றியை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதை வைத்து இதை யாரும் குறைத்துப் படிக்க வேண்டாம்.

பள்ளிபாளையத்தில் தறிப் பட்டறை வைத்திருந்த குடும்பத்தில் மூத்தவருக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். சில வருடங்கள் கழித்து அதே வீட்டில் இளையவருக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். அக்கா இருக்கும் வீடு என்றதும் மாப்பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தலையாட்டினேன். இங்கே ஒரே அடுப்படி. சமையல் அக்காவுடையது. நான் பட்டறையில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பேன், வேளைக்கு வந்து சாப்பிடுவேன். தறிக்கு வேலையில்லாமல் வீடு தத்தளித்த காலமும் உண்டு. அப்போதும் இந்த வீட்டில் சோறு ருசியில்லாமல் இருந்த நாள் கிடையாது.

அக்காவின் கைப்பக்குவத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்லிக் கொடுப்பார் என்பது ஊரறிந்த பேச்சு. இட்லிக்கு அரிசி ஊறப் போடும்போது கூடவே ஆமணக்கு விதை, அதாவது நம் பக்கத்துக் கொட்டமுத்து, நாலைந்தைத் தோல் நீக்கிப் போடச் சொல்வார். பருப்பு வேகும்போது ஒரு சொட்டு விளக்கெண்ணெய். ரசத்தை இறக்கும்போது ஒரு சிட்டிகை நாட்டுச் சர்க்கரை. கத்தரிக்காய்க்கு வறுத்த கடலைப் பொடி. தோசை மொறுமொறுவென்று வர மாவில் ஒரு பிடி ஊறிய ஜவ்வரிசி. இது ஆத்தூர்ச் சம்பந்தி வீட்டிலிருந்து கற்றுக்கொண்டது. "ருசியெ ஒளிச்சு வெச்சு என்ன பண்றது, போறப்ப மடியிலயா கட்டிட்டுப் போவப் போறோம்" என்பார். நானும் அதை நம்பினேன்.

என் மகன் தவழும் வயதில் காய்ச்சல் கண்டு ஈரோட்டில் மருத்துவமனையில் கிடந்தான். நாளாக ஆக மருத்துவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டார். நான் மொட்டை மாடிக்குப் போய், திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். பிள்ளையைக் கொடுத்தால் ஆயுசுக்கும் கவிச்சி தொடமாட்டேன் என்றேன். கறியும் கருவாடும் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சந்தைக்குப் போனால் முதலில் கருவாட்டுக் கடைக்குத்தான் போவேன். கொடுக்கிறதென்றால் பிடித்ததைத்தானே கொடுக்க வேண்டும். பிள்ளை பிழைத்தான். இன்று ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறான்.

வேண்டுதலைச் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்தது. "ஏற்கெனவே ஒடம்புல ரத்தமில்லாம வெளுத்துப் போய்க் கெடக்கற. சாமி உங்கிட்ட இதையா கேட்டுச்சு?" என்றார். மறுநாள் எனக்கென்று சின்ன மண்சட்டி ஒன்றும் தனிக் கரண்டியும் வாங்கி வைத்தார். கறி எடுக்கும் நாளில் அந்தச் சட்டிப் பக்கம் யாரும் போக முடியாது. ஒருமுறை மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தெரியாமல் கறிக் கரண்டியைச் சின்னச் சட்டியில் விட்டுவிட்டார். அக்கா அவரைத் திட்டித் தீர்த்து, குழம்பைக் கொல்லையில் கொட்டி, சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து எனக்கு மறுபடி வைத்துக் கொடுத்தார். நான் கண் கலங்கி நின்றேன். இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அந்தச் சின்னச் சட்டிக் குழம்புக்குத்தான் விருந்துகளில் அடிதடி. தட்டப்பயறு, கொள்ளு, கீரை, எதைப் போட்டாலும் கறிக்குழம்பை விட்டுவிட்டு அதை ஒரு கரண்டி கேட்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. "பாருங்க, கவிச்சி இல்லாமயே இந்த ருசி வருது. வாயக் கட்டறது ஒண்ணும் பெரிய காரியமில்லீங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வேன். நீங்கள் சிரிப்பீர்கள். உங்களில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டும் சிரித்திருக்கிறீர்கள். பாராட்டிச் சிரிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காலத்தில் அக்கா படுக்கையில் விழுந்தபோது அடுப்படி என் கைக்கு வந்தது. ஒருநாள் தட்டப்பயறுக் குழம்பு கேட்டார். அவர் சொல்லிக் கொடுத்தபடியே சின்னச் சட்டியில் வைத்து, சோற்றில் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய் சாப்பிட்டார்.

"நல்லாருக்குது சாமி. என்னமோ ஒண்ணு கொறையுது."

"என்னக்கா கொறையுது?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணுமில்ல. உப்பு" என்றார்.

நான் போய் உப்புப் போட்டுக் கொண்டுவந்தேன். கரித்தது. அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

காரியத்தன்று படையலுக்கு அவருக்குப் பிடித்ததையெல்லாம் செய்தோம். சின்னச் சட்டிக் குழம்பை நான் வைத்தேன். எவ்வளவு கொதிக்க விட்டும் அந்த ருசி ஏறவில்லை. அழுத கண்ணோடு கிளறிக்கொண்டிருந்தேன். அக்காவின் மருமகள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். ஆத்தூர்ப் பெண், வெள்ளந்தி.

"சின்னத்தே, பொடி போட மறந்துட்டீங்களா?"

"என்ன பொடி?"

அவள் மேல் பலகையில் மாவு டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு பித்தளைச் சம்படத்தை எடுத்துத் திறந்து நீட்டினாள். மேலாகக் கொத்தமல்லியும் சீரகமும் மணந்தன. அடியில் வேறொரு வாசம். எனக்குத் தெரியாத வாசமா அது? நெத்திலிக் கருவாடு. தலை கிள்ளி, கழுவிக் காயவைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, மல்லியோடு சேர்த்து மாவாக அரைத்தது. ஒரு சட்டிக்கு அரைக் கரண்டி போதுமாம். பல்லிலும் படாது, மூக்கிலும் ஏறாது.

"நான் கவிச்சி தொடமாட்டேன்னு உனக்குத் தெரியாதா கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் பயந்துவிட்டாள். "அத்தைதான் சொன்னாங்க. சின்னவளுக்கு எல்லாம் தெரியும், ஆனா வெளிய சொல்லிக்க மாட்டா, கூச்சப்படுவா, நீ அதப் பத்தி அவகிட்டப் பேச்செடுக்காதேன்னு சொன்னாங்க."

கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, பந்தலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் போனேன். அக்காவின் மகனும் அங்கே இருந்தான். இருவர் முகத்தையும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அவர்களுக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்கிறது. விருந்துக்கு வந்து போகிற பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்ட எல்லோருக்கும் அக்கா அந்த ஒரே பதிலைத்தான் கொடுத்திருக்கிறார். சின்னவளுக்கு எல்லாம் தெரியும் என்று.

"அப்ப நான் சாமியவே ஏமாத்தறேன்னு நெனச்சுட்டுத்தான் இத்தனை வருசமா எங்கூடக் குடும்பம் நடத்துனீங்களா?" என்றேன்.

"அதுக்கென்ன இப்ப? அண்ணி ஒனக்கு நல்லதுக்குத்தான செஞ்சாங்க. ஒடம்பு தேறிச்சல்ல" என்றார் அவர்.

உடம்பு தேறியது உண்மைதான். என் வெளுப்பு போனதற்கு அந்தப் பொடிதான் காரணம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். தங்கை மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்கிறார்கள். இருக்கட்டும். என் உடம்புக்காகச் செய்தாரா, விருந்துக்கு வந்தவர்கள் கேட்டு வாங்கும்போது கிடைக்கிற பெயருக்காகச் செய்தாரா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. எனக்குக் கருவாடு போட்டதைக்கூட என்றாவது ஒருநாள் மன்னித்துவிடுவேன். எனக்குத் தெரியும் என்று சொன்னாரே, அதை என்னால் செரிக்க முடியவில்லை. நான் பெருமையாகப் பேசிய ஒவ்வொரு முறையும் என்னை வேஷக்காரி என்று நினைத்து நீங்கள் சிரிக்க, அவர் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறார். மாமா கரண்டியை மாற்றி விட்டதற்காகக் கொட்டிய அந்தக் குழம்பிலும் அக்காவின் பொடி இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

கருவாடு என்றால் உயிரை விடுகிறவளுக்கு அந்த ருசி தெரியாமல் போகுமா என்று இன்னமும் சிலர் என் காதுபடவே கேட்கிறார்கள். அவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். உங்களை வளர்த்தவர் இலையில் போட்டதை நீங்கள் மோந்து பார்த்தா சாப்பிடுவீர்கள்?

மலைக்கும் போய் வந்தேன். சன்னிதியில் நின்றேன். உன்னையும் ஏமாற்றிவிட்டார்கள், என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மகனுக்குப் போன் செய்தால், "நான் நல்லாத்தானம்மா இருக்கறேன், அப்பறம் சாமிக்கு என்ன கோவம்?" என்கிறான். அவனுக்கு எல்லாமே வேடிக்கை. பழையபடி தனிக் கரண்டியோடுதான் சாப்பிடுகிறேன். எனக்கு இப்போது நானேதான் சமைத்துக்கொள்கிறேன்.

ஆகவே அக்காவின் நினைவு மலரில், அக்காவின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில், உறவறிய எழுதுகிறேன். எனக்குத் தெரியாது. ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன். அக்கா படுக்கையில் இருந்தபோது நேரம் பார்க்காமல் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கு நன்றி. இறுதிச் சடங்கின்போது தறியை நிறுத்திவிட்டு வந்து தோள் கொடுத்த பட்டறைத் தொழிலாளர்களுக்கு நன்றி. மோகனூரிலிருந்து வாழையிலையும் கரும்புச் சர்க்கரையும் கொண்டுவந்து இறக்கிய பங்காளிகளுக்கு நன்றி. எல்லாம் தெரிந்தும் எனக்குக் கூச்சம் வந்துவிடக் கூடாது என்று வாய்மூடி இருந்த என் வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய நன்றி அக்காவின் மருமகளுக்கு. அன்று அவள் சம்படத்தை எடுத்துத் திறந்திருக்காவிட்டால், நான் செத்த பிறகும் உங்கள் வாயில் வேஷக்காரியாகவே இருந்திருப்பேன். அவள் தன்னால்தான் இவ்வளவும் என்று இன்னும் அழுகிறாள். யாராவது பார்த்தால் சமாதானம் சொல்லுங்கள்.

இன்றைய பந்தியில் தட்டப்பயறுக் குழம்பு இரண்டு பாத்திரத்தில் வருகிறது. பிடியில் சிவப்புத் துணி கட்டியதில் பொடி போட்டிருக்கிறது. மற்றதில் இல்லை. பரிமாறுகிறவர்கள் கேட்டுத்தான் ஊற்றுவார்கள். எது வேண்டுமோ தெரிந்து வாங்கிச் சாப்பிடுங்கள்.

அக்காவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, காலையிலேயே நான் பரிமாறிவிட்டேன். சோறு, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் வைத்து, சின்னச் சட்டியிலிருந்து குழம்பும் ஊற்றினேன். பொடி போடாத குழம்பு. சாப்பிடுக்கா என்றேன். வேறு எதுவும் நான் அவளிடம் சொல்லவில்லை.