நெற்றியை மட்டும் பார்த்தேன்

சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் குறை கண்டுபிடிக்கிற வேலை. பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கின் கீழே மின்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஈயப் பொட்டு ஒரு கடுகளவு விலகியிருந்தாலும் எடுத்துச் சிவப்புக் கூடையில் போட வேண்டும். “அக்கா கண்ணுல மாட்டாம ஒண்ணும் போகாது லா” என்று லைனில் இருக்கிற பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு உள்ளூரப் பெருமைப்பட்டவள்தான் நான். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பா யோங் பெங் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகிற லாரி ஓட்டியவர். அம்மா போன பிறகு தனியாகத்தான் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நானும் என் கணவரும் விடியுமுன்னே பெர்மாஸ் ஜெயா வீட்டிலிருந்து கிளம்பி, எல்லைப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிற ஆட்கள். தம்பி தங்காக்கில் துணிக்கடையில் வேலை செய்கிறான். அவன் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆளுக்கொரு காரணம் இருந்தது. எல்லாம் உண்மையான காரணங்கள், யாரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை யார்மேலும் முழுசாகக் கோபப்பட முடியாமல் என்மேலேயே பாய்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு முதியோர் இல்லம் கிடைத்தது. மூலை வீடு, முன்னால் கம்பி கேட், வாசலில் செம்பருத்தித் தொட்டி. நடத்துகிற அம்மாள் நம்ம ஆள். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். நர்ஸ் வேலைக்குப் படித்தவரா என்று ஒருவரும் கேட்கவில்லை. “கவலைப்படாதீங்க கண்ணு. இங்க வந்துட்டா அவரு எனக்கும் அப்பாதான்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் குப்புற விழுந்தேன்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அப்பா குளித்த பிறகுதான் திருநீறு பூசுவார். காய்ச்சலில் கிடந்தாலும் குளிக்காமல் திருநீற்று டப்பாவைத் தொடமாட்டார்; நாங்கள் தொட்டால் வீடே அதிரும். காலையில் நெற்றியில் மூன்று கோடு விழுந்தால்தான் அவருக்கு நாள் ஆரம்பம். கோயில் திருநீறு ஒரு பெரிய பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்து, “தினமும் குளிப்பாட்டிட்டு மறக்காம பூசி விட்டுருங்க சிஸ்டர். அது மட்டும் இருந்தா அவரு சமாளிச்சுக்குவாரு” என்றேன். சிஸ்டர் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு படம் வரும். காலை தேநீர் இடைவேளையில் திறந்து பார்ப்பேன். அப்பாவின் முகம், தலையணை, நெற்றி நிறையத் திருநீறு. தம்பி தங்காக்கிலிருந்து கேட்பான், “அப்பா குளிச்சாச்சாக்கா?” “ஆச்சுடா, திருநீறு பூசியிருக்கு” என்பேன். எங்கள் வீட்டில் அது ரசீது மாதிரி. நெற்றியில் திருநீறு இருந்தால் ஆள் குளித்தாயிற்று, குளித்தால் யாரோ தொட்டுத் தூக்கிக் கவனித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே “நன்றி சிஸ்டர்” என்று எழுதி ஒரு கும்பிடும் போடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்போம். வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போன் செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. “மத்த பெரியவங்க குளிச்சிக்கிட்டு இருப்பாங்க, லேடீசும் இருக்காங்க, அதான்” என்றார் சிஸ்டர். நியாயம்தானே. சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டில் போய் நிற்கிற பழக்கம் எனக்கும் கிடையாது. போனால் அப்பா முன்னறையில் சக்கர நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் வாசனையோடு உட்கார்ந்திருப்பார்.

கண்ணுக்கு முன்னால் எல்லாம் இருந்தது. சட்டை தொளதொளவென்று ஆனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சைஸ் சின்னதாகச் சட்டை வாங்கிக்கொண்டு போனேன். மணிக்கட்டில் ஊதா நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. ரத்தம் எடுத்ததில் வந்தது என்றார் சிஸ்டர். ரத்தம் எடுத்தால் வளையமாகவா வரும்? கேட்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கித் தூங்கிவிடுவார். ராத்திரி டிவி பார்த்தாராம். நகம் வளர்ந்து உள்ளே கருத்திருந்தது, நானே வெட்டி விட்டேன். “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லும் முன் சிஸ்டர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். லாரிப் பட்டறையில் நின்று கத்தினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மனுஷன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம், “அப்பாவுக்கு இப்பல்லாம் கோவமே வர்றதில்லங்க, நல்லா அடங்கிட்டாரு” என்று சந்தோஷமாகச் சொன்னேன். எனக்கு வாய் எதற்கு, கண் எதற்கு?

அவர் சட்டையைத் தூக்கி ஒரு தடவை முதுகைப் பார்த்திருக்கலாம். ஆனால் பொம்பளைப் பிள்ளை அப்பாவின் உடம்பைப் பார்ப்பதா என்று ஒரு கூச்சம். தம்பிக்கும் அதே கூச்சம். அப்பா பனியன் இல்லாமல் எங்கள் முன்னால் உட்கார்ந்ததே கிடையாது. அந்த மரியாதையைக் கடைசிவரை காப்பாற்றினோம்.

ஒரு புதன்கிழமை தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகி எங்கள் லைனை மத்தியானமே மூடிவிட்டார்கள். பாலத்தில் கூட்டமில்லை. பஸ் பெர்மாஸ் ஜெயாவை நெருங்கும்போதுதான் போகிற வழியில் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. போன் செய்ய எடுத்தேன், சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. சந்தேகப்பட்டுத் திடீரென்று போய் நின்றேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. போனில் சார்ஜ் இருந்திருந்தால் போன் செய்துவிட்டுத்தான் போயிருப்பேன்.

கேட்டைத் திறந்தது அங்கே வேலை செய்கிற இந்தோனேசியப் பெண். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. “காக், தாக் தெலிஃபோன் டூலு?” என்றாள். அக்கா, முதலில் போன் பண்ணவில்லையா என்கிறாள். முன்னறையில் சக்கர நாற்காலி காலியாக இருந்தது. அவள் ஏதோ சொல்லச் சொல்ல நான் சமையலறையைத் தாண்டிப் பின்னறைக்குப் போனேன்.

ஜன்னல் மூடிய அறை, ஆறு கட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முகர்ந்தது டெட்டால். அன்றைக்கு அது இல்லை. மூத்திரமும், அதற்கு அடியில் கெட்டுப்போன இறைச்சி மாதிரி வேறொரு நாற்றமும் இருந்தன. கடைசிக் கட்டிலில் அப்பா. அசைகிற ஒரே கையான இடது கையைக் கைலிச் சாரம் கிழித்த துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். நேற்றையது வெடித்துப் பொருக்காக நிற்க, அதன்மேல் இன்றையதைப் பூசியிருந்தார்கள். முந்தாநாளையதும் அதற்கடியில் இருந்தது. காதோரம் அழுக்கு கோடாக இறங்கியிருந்தது.

“குளிப்பாட்டலையா?” என்று மலாயில் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. “மண்டி ஹாரி மிங்கு, காக். அபு ஹாரி-ஹாரி” என்றாள். குளியல் ஞாயிற்றுக்கிழமை, சாம்பல் தினமும். நான் கேட்டதைத் தவறாமல் செய்திருக்கிறோம் என்கிற பணிவு அவள் குரலில் இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் நான் கொடுத்த பொட்டலம் பாதி காலியாக இருந்தது. படம் எடுக்க வேண்டும், அதனால் சாம்பல் மட்டும் மறக்கக்கூடாது என்று முதலாளி அம்மா சொல்லியிருக்கிறாராம்.

கட்டை அவிழ்த்தேன். அவளும் நானுமாக அப்பாவைப் புரட்டினோம். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், என் உள்ளங்கை போகிற அளவுக்குக் குழி. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று பிறகு டாக்டர் சொன்னார். அப்பா முனகக்கூட இல்லை. சிஸ்டரை வரச் சொன்னேன்.

சிஸ்டர் வந்தார். வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். எதிர்வீட்டு சீனக் கிழவர் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். சிஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை. “வயசானவங்க தோலு அப்படித்தான் கண்ணு, பேப்பர் மாதிரி. கீழ விழுந்துட்டா நீங்கதானே வந்து கேப்பீங்க, அதான் கட்டுனோம்.” பிறகு இன்னும் மெதுவாக, “பதினாறு பேருக்கு ரெண்டு பொண்ணுங்கதான் வச்சிருக்கேன். பிடிக்கலன்னா கூட்டிட்டுப் போங்க. நாளைக்கே அந்தக் கட்டிலுக்கு ஆள் வந்துரும்” என்றார். அது பொய்யில்லை, வந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அரசாங்க மருத்துவமனையில் ஒரு இளம் மலாய் டாக்டர் பார்த்தார். திட்டவில்லை. “கடைசியாக இவர் முதுகை எப்போது பார்த்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். தம்பி தங்காக்கிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். டாக்டர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார்.

போலீசில் புகார் கொடுத்தோம். நலத்துறை அலுவலகத்துக்கும் போனோம். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். சிஸ்டரும் தன் பக்கத்தைக் கொடுத்திருந்தார். அவர் கொடுத்தது வேறொன்றுமில்லை, எனக்கு அனுப்பிய படங்கள்தாம். தினம் ஒன்று, எதிலும் குறை தெரியாது. ஒவ்வொன்றுக்கும் கீழே என் நன்றியும் கும்பிடும். “இத்தனை மாதம் நீங்கள் திருப்தியாகத்தானே இருந்திருக்கிறீர்கள்?” என்றார் அதிகாரி. குத்திக்காட்டிச் சொன்னதல்ல, நிஜமாகவே புரியாமல் கேட்டார். விசாரிக்கிறோம் என்றார்கள். அந்த இல்லம் வாசலில் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு அதே வீட்டில் இன்றும் நடக்கிறது.

மருத்துவமனையில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். வேலையை விட்டேன். இதை முன்னாலேயே விட்டிருக்கலாமே என்று என் கணவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டுக் கட்டில் போட்டோம். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட ஒரு நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தார். கூச்சமெல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. எவ்வளவு சுலபமாகப் போகிற கூச்சம் அது என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் நாள் காலை ஒரு கரண்டியில் தண்ணீர் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். உதடு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். “ஒரு வாய் குடிங்கப்பா” என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டு, “தாக் மாவு, சிக். நாந்தி பாசா” என்றார். வேண்டாம் மேடம், அப்புறம் நனைஞ்சிரும் என்கிறார். அப்பா என்னிடம் ஒருநாளும் மலாய் பேசியவர் இல்லை; அது அந்த இல்லத்துப் பெண்களிடம் பேசிய மொழி. குடித்தால் படுக்கை நனையும், நனைந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று நான் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நனைஞ்சா நனையட்டும்பா, நான் மாத்துறேன். நான் உங்க மகப்பா” என்றேன். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். தம்பி வந்து கெஞ்சினான். அவனையும் “என்சிக்” என்றுதான் கூப்பிட்டார், யாரோ ஒரு அதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரி. ஒவ்வொரு தடவை நான் துணி மாற்றும்போதும் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்று நினைத்துக் குனிந்தேன். யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்கிற மாதிரி ரகசியமாக, “சிக், அனாக் சாயா பிலா டாத்தாங்?” என்றார். என் மகள் எப்போது வருவாள்?

“வந்துட்டேன்பா. இங்கதான் இருக்கேன்” என்றேன். தமிழில் சொன்னேன், மலாயிலும் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, என் தோளுக்குப் பின்னால் வாசல் கதவைப் பார்க்க ஆரம்பித்தார். மறுநாள் மத்தியானம் மூச்சு நிற்கும்வரை அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.