மீடியம் சித்ரா

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்ஷன் என்பது ஒரு நீள அறை. நாலு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், மூலையில் ஒரு அட்டைத் தடுப்பு. வெளிநாட்டு பையர் கேட்கிற டி-ஷர்ட்டை முதலில் ஒன்றிரண்டு தைத்து அனுப்புவோம். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் ஆயிரக்கணக்கில் ஓட்டுவார்கள். அந்த முதல் துணியைத் தைப்பவள் சித்ராதேவி.

தைத்த துணி உடம்பில் எப்படி உட்காருகிறது என்று போட்டுப் பார்க்க எங்களிடம் பொம்மை கிடையாது. அதற்கும் சித்ராதான். பெண்களின் மீடியம் சைஸுக்கு பையர் கொடுத்த அளவும் அவள் உடம்பும் ஒன்றாக இருந்தன. தடுப்புக்குப் பின்னால் போய் அவள் போட்டுக்கொள்வாள். நான் டேப்பைப் பிடித்துக் கழுத்து இறக்கம், கை நீளம், மார்புச் சுற்று என்று சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் நின்று பேட்டர்ன் மாஸ்டர் தண்டாயுதபாணி குறித்துக்கொள்வார். கம்பெனியில் எல்லோரும் அவளை மீடியம் சித்ரா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் பெருமை. எங்கேயோ குளிர்நாட்டில் எவளோ ஒருத்தி கடைக்குப் போய் என் அளவுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

நான் சாமியாத்தாள், சேவூரிலிருந்து கம்பெனி வேனில் வந்து செக்கிங் பார்த்தவள். அவளைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் அவளுக்கு அக்கா. அவளும் புருஷன் மாதவனும் திருமங்கலத்துப் பக்கம். அவன் சாயப்பட்டறையில் வேலை செய்தான். பத்துக்குப் பத்து லைன் வீட்டில் குடியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் முடித்து வர ராத்திரி ஆகிவிடும். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. அதனால் 2002-இல், பெண் குழந்தை ஜோதிகாவுக்கு இரண்டு வயது முடிந்ததும், ஊரில் மாதவனின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அண்ணன் பெண்டாட்டி வெள்ளையம்மாளுக்கு இரண்டும் பையன்கள். பெண் பிள்ளை என்றால் உயிர். குழந்தை அங்கே நன்றாகத்தான் வளர்ந்தது. அதைப் பற்றி சித்ரா ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூத்திலிருந்து ஊருக்குப் போன் பேசுவாள். ஊரில் ஒரு மளிகைக் கடைக்குப் பேசினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதல் வருஷம் பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு அழுதது. அடுத்த வருஷம் அழவில்லை. வெள்ளையம்மாளை அம்மா என்றும் சித்ராவைத் திருப்பூர் அம்மா என்றும் சொல்லத் தொடங்கியிருந்தது. பெரியம்மாவை நீ, வா, போ என்று பேசுகிற பிள்ளை, பெற்றவளை நீங்க, வாங்க என்று மரியாதையாகப் பேசியது.

பூத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பேக்கரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அவளை அங்கே பார்த்தேன். கடை ஓரத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றை முடித்து அடுத்ததை வாங்கினாள், பிறகு பப்ஸ் வாங்கினாள். ருசித்துத் தின்கிற மாதிரி இல்லை. அடுப்பில் விறகு தள்ளுவது மாதிரி தள்ளிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் டேப்பில் முதலில் தெரிந்தது எனக்குத்தான். மார்புச் சுற்று கூடியது, பிறகு கை. வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பாள். ஒருநாள் ஒரு டி-ஷர்ட் கைக்குழியில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. நானும் அவளும் சேர்ந்து இழுத்துக் கழற்றியபோது தையல் விட்டுப்போனது. தண்டாயுதபாணி மாஸ்டர் நல்ல மனுஷர். அவருக்கும் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது.

"தப்பா நெனைச்சுக்காதீங்க சித்ரா, இனி போட்டுப் பாக்கறதுக்கு வேற புள்ளையப் பாத்துக்கலாமுங்க. நீங்க தையலைப் பாருங்க, போதும்" என்றார்.

அடுத்த மாதமே கம்பெனி ஒரு பொம்மை வாங்கிவிட்டது. தலையும் கையும் இல்லாத அந்தப் பொம்மைக்கு டெய்லர்கள் புதுச் சித்ரா என்று பேர் வைத்தார்கள். பழைய சித்ரா டபுள் எக்ஸெல் ஆகிவிட்டாள் என்று ஒருத்தன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்திருந்தாள்.

அதிலிருந்து வாரம் பூராவும் டீதான். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. கேட்டால் வயிறு சரியில்லை என்பாள். வாரமெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் பேக்கரிக்குப் போவாள். திங்கட்கிழமை காலையில் முகம் உப்பியிருக்கும், மறுபடி பட்டினி. உடம்பு மட்டும் குறையவில்லை. வீட்டு பீரோவின் கண்ணாடி மேல் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தாள் என்று பிற்பாடு மாதவன் சொன்னான். ஆயுத பூஜைக்கு கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்தபோது பாத்ரூமுக்குப் போகிறேன் என்று போனவள், எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தாள்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்கே போகவில்லை. மாதவன் மட்டும் போய் வந்தான். லீவு போட்டுவிட்டு லைன் வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் இவளால் எப்படி இருக்க முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை.

மாசி மாதம் ஒருநாள் மெஷினில் உட்கார்ந்தபடியே அவள் சரிந்து விழுந்தாள். தடுப்புக்குப் பின்னால் துணி மூட்டை மேல் படுக்கவைத்து, சர்க்கரை போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். கண் திறந்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், விடவில்லை. அழுதுகொண்டே பேச ஆரம்பித்தாள்.

"பசிச்சுத் திங்கலக்கா. அவ போனை வச்சதும் இங்க ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கு. எதையாவது போட்டு அடைக்கணும்போலத் தோணுது. தின்னு முடிச்சதும் என்னைப் பாத்தா எனக்கே அருவருப்பா இருக்கு."

பொங்கலுக்கு ஏன் போகவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். அதற்கு முந்தைய தடவை போனபோது தெருவில் எல்லோரும் அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்களாம். சதை போட்டிருக்கிறாள், திருப்பூர்த் தண்ணி ஒத்துக்கொண்டது, பிள்ளைத் தொல்லை இல்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்றார்களாம். பிள்ளையை நினைத்து நினைத்து வந்த சதையைப் பார்த்து, பிள்ளையை மறந்துவிட்டாள் என்கிறார்களே, அந்தப் பேச்சை எப்படித் தாங்குவது என்று கேட்டாள். என் டிபன் பாக்ஸில் இருந்த தக்காளிச் சோற்றில் பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தேன். அவள் தின்றாள்.

சாயங்காலம் அவளைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானே வீடு வரைக்கும் போனேன். மாதவன் அதிகம் பேசாதவன். ஆள் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே வந்தான். அவன் பங்கையும் சேர்த்து அவள் தின்றுவிடுகிறாள் என்று லைனில் கேலி பேசுவார்கள். நடந்ததைச் சொன்னேன், பேக்கரியில் பார்த்ததையும் சொன்னேன்.

"எனக்கும் ஞாயித்துக்கெழமை சோறு எறங்காதுக்கா" என்றான். "இவ நல்லா சாப்பிடுறாளே, மனசு தேறிட்டா போலன்னு நெனச்சேன். நான் வேற அழுது அவளக் கலைக்க வேணாம்னு பேசாம இருந்துட்டேன்."

சித்ரா அவனையே பார்த்தாள். மூன்று வருஷமாக ஒரே அறையில் படுத்துக்கொண்டு ஒருத்தி தின்றும் ஒருத்தன் தின்னாமலும் ஒரே வேதனையைப் பட்டிருக்கிறார்கள். நான் கிளம்பும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்கு இங்கேயே கூட்டிவந்தார்கள். சித்ரா ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதை விட்டு, ஐந்தரைக்கே கிளம்பினாள். அதற்கு மேல் ஓவர்டைமுக்கு அவள் இருக்க வேண்டாம் என்று மாஸ்டரும் மேனேஜரிடம் பேசிச் சரி செய்தார். பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட வெள்ளையம்மாள் பத்து நாள் கூடவே இருந்தாள். அவளுக்கும் ஆறாத மனசுதான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. எப்படிப் பிசைந்து கொடுத்தால் தின்னும், எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பஸ் ஏறும்போது சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, அவ ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டா. அடிச்சு ஊட்டிராத" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் சொன்னபடியே பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பால் மட்டும் குடித்தது. தட்டை முன்னால் வைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடும். லைனில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மிரட்டினால் தின்றுவிடும் என்றார்கள் சிலர். சித்ரா ஒன்றும் செய்யவில்லை. வயிறு பசித்தாலும் துக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். பன் வாங்கிக் கொடுத்து வாயை அடைக்கவும் அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் லீவு, சித்ராவும் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். மத்தியானம் பிள்ளைக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு, தனக்கு டீயை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அது அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க ஏன் சோறு சாப்பிட மாட்டேங்கிறீங்க? நீங்களும் அழுதீங்களா?" என்று கேட்டது.

சித்ரா டீயைக் கீழே வைத்துவிட்டுத் தனக்கும் ஒரு தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள். கத்திரிக்காய்க் குழம்பும் சோறும். வாரநாளில் மத்தியானச் சோறு தின்று எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. முதல் வாய் இறங்கவில்லை, தண்ணீர் குடித்து இறக்கினாள். பிள்ளை பார்க்கிறதே என்று மெதுவாக, ஒவ்வொரு வாயாக மென்று தின்றாள். பாதித் தட்டு ஆனபோது பிள்ளை நகர்ந்து நகர்ந்து வந்து அவள் தட்டிலிருந்தே ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. தன் தட்டைத் தொடவே இல்லை.

அடுத்த நாள் இதை என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவள் டிபன் பாக்ஸ் மத்தியானம் திறந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பிள்ளை, இன்றைக்கு என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கும், பொய் சொல்ல முடியாதக்கா என்றாள். தீபாவளி தாண்டி ஒருநாள், அது கேட்டது, "நீ என்ன சாப்பிட்ட?" என்று. அந்த 'நீ'யை அவள் மெஷினில் இருந்து எழுந்து வந்து என் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

உடம்பு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டது. முகம் உப்புவது நின்றது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் துணியில் தனக்கொரு நைட்டி தைக்க வேண்டும், அளவு எடு அக்கா என்று வந்து நின்றாள். டேப்பைச் சுற்றினேன். வயிற்றை இழுத்துக்கொள்ளவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. எத்தனை என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு மேல் இரண்டு இஞ்ச் லூஸ் விட்டுக்கிடுவோம், வெயில் காலம் வருது என்று சொல்லிவிட்டு வெட்டப் போனாள். கேலி நின்றுபோகவில்லை. ஒருத்தன் ஏதோ சொன்னபோது, உன் மாமியார் வீட்டு அரிசியையா தின்னேன் என்று கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

மாதவனுக்கும் சதை பிடித்தது. மூன்று பேரும் 2007-இல் எங்கள் ஊர்த் தேருக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் விருந்து. ஜோதிகா என் மகனோடு மாட்டுக் கொட்டகையில் கன்றுக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டாள். சித்ரா இலையில் உட்கார்ந்து பச்சைப்பயறு குழம்பை ரசித்துச் சாப்பிட்டாள். எங்கள் மாமியார் வழக்கப்படி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க கண்ணு" என்று கரண்டியோடு வந்தார். அவள் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டாள். இரண்டாவது கரண்டிக்கு இலையின் மேல் கையை வைத்து, "போதுங்கம்மா, வயிறு நெறஞ்சிருச்சு" என்றாள். பிறகு இலையை மடித்துவிட்டு, மகள் எங்கே என்று கேட்டுக்கொண்டே கொட்டகைப் பக்கம் போனாள்.