இடிக்கச் சொன்னது நான்

சத்துணவு சமைக்கும் முத்துராக்கு அக்கா இறந்த செய்தி எங்கள் பள்ளிக்குச் சோறு தாமதம் என்ற அறிவிப்பாகத்தான் வந்தது. நான்காம் பாடவேளையில் தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று, "இன்னிக்குச் சாப்பாடு லேட்டாகும், யாரும் தட்டத் தூக்கிட்டு ஓடக் கூடாது" என்றார். பின் பெஞ்சில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். சாப்பாட்டு மணியே தள்ளிப்போகும் என்பதால் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. சமையல் உதவியாளர் செல்லத்தாயி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அரிசி களைவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் விசாரித்தோம். விடியற்காலையில் நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் எழுதுவதற்காகப் பள்ளியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். முப்பதாம் நாள் அது சத்துணவுக் கூடத்தில் அவர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். "அவங்க சமையலைப் பத்தி எழுதுங்க, போதும்" என்றார் தமிழாசிரியை. எழுதியவர்கள் எல்லோரும் புளிசாதத்தையும் முட்டையையும்தான் எழுதியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் "திங்கட்கிழமை சோறு அடிப்பிடித்திருக்கும்" என்று எழுத, ஆசிரியை அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

அடிக்கப்பட்ட அந்த வரிதான் உண்மை. திங்கட்கிழமைகளில் முத்துராக்கு அக்கா அடுப்படியில் இருக்கமாட்டார். செல்லத்தாயி அக்கா ஒருவரே இரண்டு அடுப்பையும் பார்ப்பார். முத்துராக்கு அக்கா ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க வரிசையில் நிற்பார். நான் அந்தத் திங்கட்கிழமைகளைப் பற்றி எழுதுகிறேன். அப்பா, அதாவது எங்கள் அய்யா, தூங்கிய பிறகு எழுதுவதால் எழுத்து கோணியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் கண்மாய்க்கரைத் தெருவின் பதினோரு குடும்பங்களுக்கு அரசுப் பணத்தில் வீடு கட்டிக்கொள்ளும் உத்தரவு வந்தபோது நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். என் அய்யா இந்த ஊராட்சியின் செயலர். முதல் தவணை வர வேண்டுமென்றால் மனை வெறும் இடமாக இருக்க வேண்டும். அந்த வெறும் இடத்தில் வீட்டுக்காரர் நிற்கும் படத்தை அய்யா செல்போனில் எடுத்து ஏற்ற வேண்டும். பழைய குடிசை நின்றால் படம் செல்லாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அந்தப் பெண்கள் இருக்கிற குடிசையை இடிக்க மாட்டோம் என்றார்கள். அய்யா உத்தரவுத் தாளை முத்துராக்கு அக்காவிடம் காட்டி, "நீங்க சொன்னாத்தான் கேப்பாக" என்றார்.

அவரும் அதே தெருதான். ஆனால் அவருக்குப் பழைய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. வீடு வீடாகப் போய், "மழைக்குள்ள கூரை ஏறிரும், தைரியமா இடிங்க" என்று சொன்னார். நம்பாமல் நின்ற இருளாயி அக்காவின் மண்சுவரில் முதல் கடப்பாரையைப் போட்டதும் அவரேதான்.

"அதுவரைக்கும் நாங்க எங்கன இருக்க?" என்று இருளாயி அக்கா கேட்டார்.

"ரெண்டு மாசம் தார்ப்பாயக் கட்டிக்கிட்டு இரு. அப்பறம் மகாராணி மாதிரி உள்ள போவ."

"மகாராணிக்குத் தார்ப்பா என்ன கலர்ல வேணும்னு கேளுங்கடி" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது.

நான்கு வீடுகளுக்குக் கூரை வந்தது. அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய நிதி அதோடு தீர்ந்துவிட்டது என்றார்கள். ஏழு வீடுகள் சுவர் எழும்பாமல் பேஸ்மட்டத்தோடு நின்றன. அந்தப் பேஸ்மட்டத்தின் மேல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு ஏழு குடும்பங்களும் இரண்டு மழைக்காலத்தைக் கழித்துவிட்டன. மழை வலுத்தால் ஏழு வீட்டுப் பிள்ளைகளும் முத்துராக்கு அக்காவின் ஓட்டு வீட்டில்தான் படுத்தார்கள். அவர் வாசலில் உட்கார்ந்தபடி தூங்குவார்.

சத்துணவுக் கூடத்தின் கரும்பலகையில் அன்று சாப்பிடுவோர் எண்ணிக்கையை எழுதுவது என் வேலை. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்ற முத்துராக்கு அக்கா, "தாயி, உன் எழுத்து தூரத்துல நின்னாலும் தெரியுது. ஒரு மனு எழுதித் தாரியா?" என்றார். உணவு இடைவேளையில் அரிசி மூட்டையின் மேல் தாளை வைத்து எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா என்று போட்டதும், அடுத்த வரியை அவரே சொன்னார். "இந்த ஏழு குடும்பங்களின் வீட்டை இடிக்கச் சொன்னது நான்."

பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். "எதுக்குக்கா இது? உங்களத்தான குத்தம் சொல்வாக."

"சொல்லட்டும். இடிச்சது உண்மையா, இல்லையா?"

"தாளக் காட்டுனது எங்க அய்யா."

"தாளு வாயத் தொறந்து இடின்னு சொல்லுச்சா? சொன்னது நான். உங்க அய்யாவ இதுல இழுக்காத. நம்ம செஞ்ச தப்ப மேல எழுதிட்டாத்தான் கீழ கேக்குறத கூச்சமில்லாம கேக்கலாம். எழுது."

அதன் பிறகு எத்தனை மனு எழுதியிருப்போமோ, எல்லாவற்றிலும் அதுதான் முதல் வரி; அந்த வரிக்குக் கீழே அக்கா கையெழுத்துப் போடுவார், அதற்கும் கீழே வீட்டுக்காரர் சொல்வதை எழுதுவேன். ஒன்றை எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "ஏழு வீடும் ஒண்ணாவா கெடக்கு?" என்று மறுத்துவிட்டார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மனு, அதில் அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய ஒரு செய்தி இருக்க வேண்டும். இருளாயி அக்காவின் மனுவில், "மகளின் பாடப்புத்தகங்களை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். எங்களிடம் நனையாத இடம் அது ஒன்றுதான்" என்று எழுதினேன்.

ஒரே ஒரு முறை நானும் உடன் போனேன். பள்ளிக்கு மட்டும் விடுமுறையாக இருந்த திங்கட்கிழமை. தோழி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் பொய் சொல்லியிருந்தேன். பேருந்தில் நடத்துநர், "என்னக்கா, திங்கக்கெழம ஆனா வண்டி தானா உங்க ஊர்ல நிக்குது" என்றார். "வண்டிக்காச்சும் எங்க ஞாபகம் இருக்கே" என்றார் அக்கா. பக்கத்தில் தொண்டியிலிருந்து வந்த மீன்கார அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் அரசு நிவாரணம் தருகிறது என்று அவர் சொன்னார். "பத்தாது, லேட்டாத்தான் வரும். ஆனா வந்துரும்." 'வந்துரும்' என்ற சொல்லை அக்கா தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இறங்கும்போது, "நமக்கு இது வீட்டுத் தடைக்காலம்த்தா" என்றார்.

மனு வாங்கியவரிடமும் அதையே சொன்னார். "பழைய வீட்ட இடிச்சாச்சு, புது வீடு வரல. நடுவுல உள்ள காலத்துக்கு வாடகையோ, கூரைபோட தகரமோ குடுங்க. கடக்கரையில குடுக்குறீகள்ல."

அவர் சிரித்தார். "கடலுக்கும் கூரைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ரெண்டு எடத்துலயும் அரசாங்கம் சொல்லித்தான சார் நிக்கிறோம்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மனுவை முதல் வரியிலிருந்து படித்தார். "இது எங்க கையில இல்லம்மா. பட்ஜெட்ல தனியா ஒதுக்கணும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அக்காவோ வெளியே வந்ததும் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். "யாரு கையில இருக்குன்னு இன்னிக்குத்தான் ஒருத்தரு சொல்லியிருக்காரு" என்றார். அன்று முதல் மனுக்கள் நிதியமைச்சருக்கும் எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் போயின. கேட்டது இரண்டே விஷயம். இடிக்கச் சொல்வதற்கு முன்பே அந்த வீட்டுக்கான முழுத் தொகையும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இடித்த பிறகு கூரை ஏறும்வரை குடும்பம் தங்குவதற்குத் தனி நிதி வேண்டும்.

சென்ற ஆண்டு பட்ஜெட் நாளன்று செல்லத்தாயி அக்காவின் செல்போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, கண்மாய்க்கரைத் தெருப் பெண்கள் சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நிதியமைச்சரின் உரை நீண்டுகொண்டே போனது. "யக்கா, ரோட்டுக்குப் போயி பாலத்துக்கும் போயிட்டாரு. கூரைக்கு எப்ப வருவாரு?" என்றார் இருளாயி அக்கா. "நடந்து வாராருல்ல, நேரமாகும்" என்றார் முத்துராக்கு அக்கா. வீடு என்ற சொல் வந்தது. புதிதாக இன்னும் நிறைய வீடுகள் என்றார் அமைச்சர். பெண்கள் கை தட்டினார்கள்.

"தட்டாதீக" என்றார் முத்துராக்கு அக்கா. "அதெல்லாம் இனிமே இடிக்கப் போற வீடு."

உரை முடியும்வரை கேட்டார். நாங்கள் கேட்ட இரண்டும் அதில் இல்லை. "சரி, அடுத்த வருசம்" என்று எழுந்து முட்டை உரிக்கப் போனார். எனக்கு அந்தச் 'சரி'யைப் பொறுக்க முடியவில்லை. மழைக்குச் சரி என்று சொல்லி நிறுத்த முடியுமா? இப்போதும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை. காதுகொடுத்துக் கேட்காதவர்கள்மீது மட்டுமில்லை, இவ்வளவு பொறுமையாகக் கேட்டவர்மீதும்தான்.

இந்த மழைக்காலத்தில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து அய்யாவுக்குப் போன் வந்தது. ஒரே கையெழுத்தில் மனுக்கள் வருகின்றன, உங்கள் ஊரில் யார் எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அய்யா சோற்றில் கை வைத்தபடியே பேசினார். "பணம் என்னமோ என் சட்டப்பையில இருக்கிற மாதிரி கேக்குறாக. மேலருந்து வந்தா நான் தடுக்கவா போறேன்? எவன் எழுதுறான்னு தெரியட்டும், கைய ஒடிச்சுருவேன்." பிறகு அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "என்னைய எங்கயாச்சும் தூக்கிப் போட்டுட்டா இவ படிப்பு என்னாகும்?" என்றார். எழுதுவது ஆண் என்று எண்ணி அவர் 'எவன்' என்றதால்தான் நான் அன்று தப்பித்தேன்.

அந்த வாரம்தான் அக்கா இந்த ஆண்டு மனுக்களைத் தொடங்கச் சொன்னார். மூன்று குடும்பத்துக்கு எழுதிவிட்டு நிறுத்தினேன். அரையாண்டுப் பரீட்சை என்றேன். "பரீட்ச முடியட்டும்த்தா. ஆனா பட்ஜெட்டுக்கு முன்ன போயிரணும். அச்சுக்குப் போயிட்டா நம்ம கேக்குறதுக்கு எடமிருக்காது." பரீட்சை முடிந்தது, பொங்கலும் முடிந்தது. நான் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன், அவர் முன்னால் தட்டை நீட்ட வேண்டாமே என்று. இரண்டு முறை வகுப்பு ஜன்னலுக்கு வந்தார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு என் பயம் தெரியும். திட்டியிருந்தால் எழுதியிருப்பேன். அவர் திட்டவில்லை. நான் எழுதாத நான்கு மனுக்களோடு அவர் போய்விட்டார்.

அடக்கத்தன்று மாலைகள் வந்தன. ஒருவர் அவரை அன்னபூரணி என்று புகழ்ந்து வெகுநேரம் பேசினார். "பூரணியாம். கூரையப் பத்தி ஒரு சொல்லு பேசுறாரா பாரு" என்றார் இருளாயி அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு யாரையும் குறிப்பிடாமல், "இனிமே எங்களுக்கு யாரு எழுதுவா?" என்று அழுதார். அய்யா என் பக்கத்தில் நின்றார். அந்த ஏழு வீட்டுப் பெண்களுக்கும் எழுதியது யார் என்று தெரியும். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் திரும்பாமல் நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மிச்சமிருந்த நான்கையும் எழுதி, முன்பு எழுதிய மூன்றையும் படியெடுத்து, முதல் வரிக்கு மட்டும் இடம் விட்டு முடித்துவிட்டேன். ஏழு குடும்பத்தினரும் கையெழுத்தும் ரேகையும் வைத்துவிட்டார்கள். முதல் வரியில்தான் நின்றேன். அது அக்காவின் வரி, கீழே கையெழுத்துப் போட அவர் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வரி இருந்த இடம் மட்டும்தான். கேட்பதற்கு முன்னால் தன்னைச் சொல்லிவிடும் அந்த இடம். அதை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. அங்கே இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்த மனுக்களை முதலிலிருந்து எழுதி வருவது நான், ஊராட்சி செயலரின் மகள். வீட்டை இடிக்கச் சொன்ன முத்துராக்கு இறந்துவிட்டார். ஏழு வீடுகளுக்கு இன்னும் கூரை இல்லை."

அய்யா, முப்பதாம் நாள் நீங்களும் வந்து இந்த நோட்டைப் புரட்டுவீர்கள். இந்த எழுத்தை அடையாளம் கண்டுகொள்வீர்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய திங்கட்கிழமையே இருளாயி அக்கா மனுக்களோடு பேருந்து ஏறியிருப்பார்.