பீரங்கி என்று அவர் சொல்லவில்லை

என் அண்ணன் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய இரும்பை கேஸ் வைத்து வெட்டுவது அவன் வேலை. அவனுக்கு மலையாளம் தெரியாது. அதனால் கான்ட்ராக்டர் எனக்குத்தான் போன் செய்வார். இங்கே கிழக்கேகோட்டையில் ஒரு கடையில் வேலைக்கு நின்று நான் மலையாளம் பழகியிருந்தேன்.

“மோளே, கடப்புறத்து ஒரு பழைய குழல் கிடக்குந்நு. அண்ணனோடு முறிக்கான் பற” என்றார் அன்று போனில்.

“என்னட்டி சொல்லுதாரு?” என்று பக்கத்தில் நின்ற அண்ணன் கேட்டான்.

“கடற்கரையில பழைய குழாய் கிடக்காம்ணே. வெட்டணுமாம்.”

“குழாய்தானே, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்” என்று சிரித்துக்கொண்டே போனான்.

அது யுத்தகாலத்தில் கடலோரம் வைத்துவிட்டுப் போன பீரங்கி. மணலில் புதைந்து, துருப்பிடித்த குழல் மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கிறது. உள்ளே குண்டு இருந்திருக்கிறது. வெட்டும்போது வெடித்துவிட்டது. அண்ணன் வீடு திரும்பவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில், “வெறும் குழல்னுதானே சொன்னீங்க?” என்று கத்தினேன். கான்ட்ராக்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டரிடம், “பீரங்கிக் குழல் எந்நு ஞான் பறஞ்ஞதா, சாரே. இவள் தெற்றிச்சு கேட்டு” என்றார். பீரங்கிக் குழல் என்றுதான் சொன்னாராம், நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேனாம்.

அப்படியென்றால் அவருக்கு முதலிலேயே தெரியும். பீரங்கி இரண்டு பாஷையிலும் பீரங்கிதான். அந்த ஒரு சொல்லைப் போனில் சொல்லியிருந்தால் அண்ணன் போயிருக்க மாட்டான்.

ஆனாலும் அண்ணன் அவரை நம்பிப் போகவில்லை. நான் சொன்ன குழாயை நம்பித்தான் போனான்.