ஃபிரிட்ஜில் ஒரு மஞ்சள் பிள்ளையார்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஆளுக்கொரு வேலை உண்டு. பெரியவள் பூத் தொடுப்பாள். என் கணவர் சுண்டல் தாளிப்பார். சின்னவள் மஞ்சளில் பிள்ளையார் பிடிப்பாள். எனக்கு மேற்பார்வை. மேற்பார்வை என்றால் சத்தம் போடுவது என்று என் கணவர் வெளியில் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது அப்பட்டமான பொய் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

சாமி கும்பிடுவது என்றாலே பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பார்க்கிங் தேடுவது என்று என் பிள்ளைகள் நினைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. கிள்ளானிலிருந்து நெரிசலில் ஊர்ந்து போய், கோயிலை மூன்று முறை சுற்றிவந்து, கடைசியில் எவனோ ஒருவன் வண்டியை எடுக்கும்போது "அப்பாடா, முருகா!" என்று நான் கூவுவதுதான் அவர்கள் கேட்ட ஒரே மனமுருகிய பிரார்த்தனை. இது சரிப்பட்டு வராது என்று தோன்றியது. அதனால்தான் வீட்டிலேயே இந்த வெள்ளிக்கிழமையை ஆரம்பித்தேன்.

பிள்ளையார் விஷயத்தில் ஒரு முறை வைத்திருக்கிறோம். பரீட்சையோ பயணமோ, எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு பிடி மஞ்சள்தூளைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பிள்ளையாராகப் பிடித்து வெற்றிலை மேல் உட்காரவைத்து, தலையில் அறுகம்புல் செருக வேண்டும். காரியம் முடிந்ததும் அவரைத் தண்ணீரில் கரைத்து, பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். "கரைக்கிறது பாவம் இல்லையா?" என்று சின்னவள் ஒருமுறை கேட்டாள்.

"மஞ்சள் சாமி இல்லம்மா. நாம கூப்பிட்டா அதுல வந்து உட்காருவாரு. வேலை முடிஞ்சா அனுப்பி வச்சிடணும். போனாலும் நம்மளப் பாத்துக்கிட்டுதான் இருப்பாரு" என்றேன். சுண்டல் அடிபிடிக்கிறதா என்று ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டு சொன்ன பதில் அது.

சின்னவளுக்கு ஏழு வயது. அவள் பிடிக்கும் பிள்ளையாருக்குத் தொந்தி பெரிது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அப்பா சோபாவில் சாய்ந்திருப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பார். நேராக்கப் போனால் கோபம் வரும். "அவரு ரிலேக்ஸா இருக்காரும்மா, விடுங்க லா" என்பாள்.

சென்ற ஆண்டு என் கணவரின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஷா ஆலமில் ஒரு டாக்டர், கட்டியை எடுத்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். "தலை போற விஷயம் இல்ல, கழுத்தோட நின்னுடும்" என்று இவர் வழியெல்லாம் ஜோக் அடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடிக்க எடுத்த கிளாஸைக் குடிக்காமலே கழுவிக் கவிழ்த்து வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் இன்னொரு ஜோக் அடிப்பாரே என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலை, சின்னவள் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்து பிள்ளையார் பிடித்தாள். பூஜை அலமாரியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்துருவாரா?"

"பிள்ளையார் பாத்துக்குவாரும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. இவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்ற பயம் ஒரு பக்கம். ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் இந்தப் பிள்ளை இனிமேல் யாரை நம்பும் என்ற பயம் இன்னொரு பக்கம். வாராவாரம் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு பிடி மஞ்சளில் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மறுநாள் இவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. குறைந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, செமினியிலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினார். இவருக்கு அக்கா. வந்ததும் புழுக்கம் தாங்காமல் காற்றாடியை முழு வேகத்தில் வைத்தார். அதோடு பிள்ளையார் காய ஆரம்பித்தார்.

வியாழன் மாலை நான் குளிக்க வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன். காதில் தொடங்கி தொந்தி வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. தலை எந்த நேரத்திலும் விழுந்துவிடும் போலிருந்தது. சின்னவள் குளியலறையில் பாடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவசர அவசரமாக ஒரு மாற்றுப் பிள்ளையாரைப் பிடித்தேன். ஒல்லியாக வந்துவிட்டார். கொஞ்சம் மஞ்சளை அப்பித் தொந்தி வைத்து, அவள் பிள்ளையார் போலவே சாய்த்து, அரிசி டின்னுக்குப் பின்னால் கிண்ணம் போட்டு மூடி வைத்தேன். உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

அன்றிரவு வீட்டிலேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலை சின்னவள் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"அம்மா! ஃபிரிட்ஜ்ல பிள்ளையார் உட்கார்ந்திருக்காரு! பாவம், குளிருது அவருக்கு!"

மிளகாய்ச் சம்பால் டப்பாவுக்குப் பக்கத்தில், வெற்றிலை மேல், கனகம்பீரமாக ஒரு மஞ்சள் பிள்ளையார். இது நான் பிடித்ததில்லை. நாத்தனாரைப் பார்த்தேன். அவர் காற்றாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல... வெளிய வச்சா காஞ்சிடும்னு உள்ள வச்சேன்" என்றார்.

பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய், தன் பென்சில் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். அதற்குள் டிஷ்யூவில் சுற்றிய இன்னொரு பிள்ளையார். அவள் நன்றாக வரைவாள். இந்தப் பிள்ளையாருக்குக் கண்ணும் புருவமும் கூட இருந்தன. இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? நானும் அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டேன்.

சாப்பாட்டு மேசை மேல் மூன்று பிள்ளையார்கள். அலமாரியில், விரிசலோடு சாய்ந்தபடி, நாலாவது. சின்னவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எதுக்கு இத்தன பேரு?"

"உன் பிள்ளையார் உடைஞ்சிட்டா நீ பயந்துருவியேன்னுதான்டா கண்ணு" என்றார் நாத்தனார்.

"உடைஞ்சா என்னா அத்தை? எப்படியும் கரைக்கத்தானே போறோம்." மைலோவை ஒரு வாய் குடித்தாள். மேலுதட்டில் மீசை. "மஞ்சள் சாமி இல்லன்னு அம்மாதானே சொன்னீங்க? மறந்துட்டீங்களா?"

அவளுக்குப் பயமே இருக்கவில்லை. இருந்த பயமெல்லாம் எங்களுடையதுதான். நாத்தனார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மருத்துவமனைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சிரிக்க வைக்காத லா, தையல் இழுக்குது" என்று இவர் அந்தப் பக்கம் திணறினார். "காய்ச்சல் விட்டுடுச்சி. சாயங்காலம் வீட்டுக்கு விடுறாங்க."

அன்று வெள்ளிக்கிழமை. இவர் கழுத்துக் கட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சின்னவள் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். அப்பா வந்துவிட்டார், எல்லாரையும் கரைத்துவிட வேண்டும் என்றாள்.

"இரும்மா. கட்டிய டெஸ்டுக்கு அனுப்பிருக்காங்க. ரிப்போர்ட் வரட்டும். அப்புறம் கரைப்போம்" என்றேன்.

பின்னால் அந்த ரிப்போர்ட் நல்லபடியாகவே வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போதும் இவர்தான் சுண்டல் தாளிக்கிறார், உப்பு அதிகம் போடுகிறார். ஆனால் அந்த மாலையில் அது எனக்குத் தெரியாது.

சின்னவள் யோசித்தாள். "கரைச்சிட்டா பிள்ளையார் அப்பாவப் பாத்துக்க மாட்டாரா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் தன் விரிசல் பிள்ளையாரை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். நாத்தனாரும் பெரியவளும் தங்களுடையதைப் போட்டார்கள். என்னுடையது மட்டும் என் கையில் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ரிப்போர்ட் வரும்வரை இதையாவது வைத்துக்கொள்கிறேனே என்று மனசு கெஞ்சியது. இவரைப் பார்த்தேன். ஒரு ஜோக்கும் அடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரில் விட்டேன். தொந்திக்கு அப்பிய மஞ்சள் கெட்டியாக நின்றது. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித்தான் கரைக்க வேண்டியிருந்தது. கரையக் கரைய நெஞ்சு கொஞ்சம் லேசாகியது. இவரும் பெரியவளும் பார்த்துக்கொண்டிருக்க, நானும் சின்னவளும் மஞ்சள் தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தோம்.

உள்ளே வந்ததும் சின்னவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். அரிசி டின்னை நகர்த்தி, பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"வேற எங்கயும் ஒளிச்சு வைக்கலயேம்மா?"

"இல்லம்மா" என்று மஞ்சள் ஏறிய இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.